குவெல்ஃப் – கிபெல்லின்: போப்புக்காகவும் பேரரசருக்காகவும் நடந்த சண்டையா, பறிபோன வீட்டுக்காக நடந்ததா?

ஏட்டுக்காரன்

இத்தாலிய நகரங்களின் இடைக்காலத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ஒரே வாய்பாடுதான் வருகிறது: குவெல்ஃப் என்றால் போப் கட்சி, கிபெல்லின் என்றால் ஜெர்மானியப் பேரரசர் கட்சி. அதைச் சொல்லிவிட்டு நேராகப் புளோரன்ஸ் கவிஞர் தாந்தேவுக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு இது பல நாளாக உறுத்துகிறது. போப்பும் பேரரசரும் அந்தச் சண்டைக்குக் கொடி கொடுத்தார்கள், சில சமயம் படையும் கொடுத்தார்கள், சரி. ஆனால் மூன்று நான்கு தலைமுறை அது அணையாமல் எரிந்ததற்குக் காரணம், தோற்றவனை ஊரைவிட்டு விரட்டி, வீட்டை இடித்து, நிலத்தை எடுத்துக்கொண்ட பழக்கம்தான் என்பது என் கட்சி. எடுத்துக்கொண்டவனுக்கு அவன் திரும்பி வரவே கூடாது, இழந்தவனுக்கோ எப்படியாவது வந்தே ஆக வேண்டும். இதற்கு மேல் ஒரு சண்டைக்குத் தீனி வேண்டாம்.

புளோரன்ஸை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 1248-இல் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக்கின் மகன் அந்தியோக் ஃபிரடெரிக் அனுப்பப்பட்டு வந்து நின்றதும் கிபெல்லின்கள் குவெல்ஃப்களை வெளியே தள்ளினார்கள். தள்ளிய கையோடு அவர்களுடைய கோபுரங்களையும் இடித்தார்கள். 1250 டிசம்பரில் பேரரசர் செத்தார், குவெல்ஃப்கள் திரும்பினார்கள். 1258-இல் உபெர்த்தி குடும்பம் உள்ளிட்ட கிபெல்லின்கள் விரட்டப்பட்டுச் சியேனாவில் போய் ஒதுங்கினார்கள். 1260 செப்டம்பர் 4, சியேனாவுக்குப் பக்கத்தில் மோன்தாபெர்த்திப் போரில் புளோரன்ஸ் படை நாசமானது, கிபெல்லின்கள் ஊருக்குள் வந்தார்கள், மறுபடியும் இடிப்பு. 1266 பெனவெந்தோப் போரில், இரண்டாம் ஃபிரடெரிக்கின் இன்னொரு மகனும் சிசிலி அரசனுமான மான்ஃபிரட் விழுந்த பிறகு சக்கரம் திருப்பிச் சுற்றியது. இருபது வருடத்துக்குள் இத்தனை தடவை.

1269-இல் குவெல்ஃப்கள் ஒரு நஷ்டக் கணக்குப் பதிவேடு தயாரித்தார்கள். 1260-க்குப் பிறகு யாருடைய வீடு எந்தத் தெருவில் இடிக்கப்பட்டது, பாதியா முழுசா, என்ன மதிப்பு என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். நகரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட மாளிகைகள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள், எண்பதுக்கும் மேற்பட்ட கோபுரங்கள். ஆலைகள், கடைகள் தனி. அந்தப் பதிவேட்டில் போப்புமில்லை, பேரரசருமில்லை. சுவரும் கூரையும்தான் இருக்கிறது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

தாமிரபரணி

அப்படியானால் அந்தப் பாலத்துக் கொலை? எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது என்று சொல்வார்களே. அது கட்டுக்கதையா?

ஏட்டுக்காரன்

கொலை நடந்தது. 1216 ஈஸ்டர் ஞாயிறு, சில ஏடுகள் 1215 என்கின்றன. பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். ஒரு விருந்தில் கைகலப்பு, புவோந்தெல்மோந்தே என்ற இளைஞன் ஒருவரைக் கத்தியால் குத்திவிடுகிறான். சமாதானத்துக்காக அமிதெய் குடும்பத்துப் பெண்ணை அவனுக்குக் கட்டிவைப்பதென்று முடிவாகிறது. அவன் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு தொனாத்தி வீட்டுப் பெண்ணை எடுக்கிறான். அமிதெய்களும் உறவுக்காரர்களும் கூடி அடித்துவிட்டு விடலாமா, முகத்தில் வெட்டலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போது மோஸ்கா லம்பெர்த்தி எழுந்து, செய்து முடித்துவிட்டால் அதோடு தீர்ந்தது என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்கிறான். அவ்வளவுதான். ஈஸ்டர் காலையில் வெள்ளை உடையில் வெள்ளைக் குதிரை மேல் பழைய பாலத்தைக் கடந்து வந்தவனை, பாலத்தின் முனையில் இருந்த செவ்வாய்க் கடவுளின் உடைந்த சிலைக்குக் கீழே இழுத்துத் தள்ளிக் கொன்றார்கள்.

ஆனால் குவெல்ஃப், கிபெல்லின் பிரிவு அன்றைக்கே பிறந்தது என்பது பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் செய்த ஒட்டுவேலை. புளோரன்ஸில் அந்தப் பெயர்கள் 1240-களில்தான் உறுதியாகத் தெரிய வருகின்றன. 1216-இல் இருந்தது இரண்டு சொந்தபந்தக் கூட்டங்களின் பகை.

கல்தச்சன்

கோபுரங்களைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ளாமல் இந்தச் சண்டை எப்படி நடந்தது என்பது மனத்தில் பதியாது.

பெரிய குடும்பங்கள் நகரத்துக்கு உள்ளேயே ஒரு சின்னக் கோட்டையாக வாழ்ந்தன. நடுவில் ஒரு கல் கோபுரம், சுற்றிலும் அண்ணன் தம்பி, சித்தப்பா, பங்காளி வீடுகள், ஒரு முற்றம், பல இடங்களில் சொந்தமாக ஒரு சிறு தேவாலயம். ஒரு குடும்பத்தால் கோபுரம் கட்டச் செலவு கட்டுப்படியாகாவிட்டால் பல குடும்பங்கள் சேர்ந்து கோபுரச் சங்கம் வைத்தார்கள். அதற்கு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் உண்டு. செலவு பொது, பங்கை வெளியாளுக்கு விற்கக் கூடாது, உறுப்பினர்களுக்குள் சண்டை வந்தால் சங்கமே தீர்த்துவைக்க வேண்டும். கோபுரம் குடியிருக்க அல்ல. உள்ளே ஒடுக்கமான அறை, ஏணி, சின்னத் துளைகள், அவ்வளவுதான். வாசல் தரையிலிருந்து எட்டாத உயரத்தில் இருக்கும். இன்றைக்கும் அந்தச் சுவர்களில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் தெரியும். சண்டைக் காலத்தில் அவற்றில் மரச் சட்டங்களைச் செருகி வெளிப்பக்கம் பரண் போட்டு, பக்கத்துக் கோபுரத்துக்குப் பாலமும் போட்டுவிடுவார்கள். தெருவில் சங்கிலியும் தடுப்பும், மேலிருந்து கல்லும் அம்பும்.

1250-இல் வணிகர்களும் கைவினைஞர்களும் எழுந்து மக்களாட்சி ஒன்றை அமைத்தபோது செய்த முதல் வேலைகளில் ஒன்று, எல்லாக் கோபுரங்களையும் 50 முழத்துக்கு, அதாவது ஏறக்குறைய 29 மீட்டருக்குக் குறைக்கச் சொன்னது. அதற்கு முன் 120 முழக் கோபுரமெல்லாம் இருந்ததாக அந்த ஊர் வரலாற்றை எழுதிய வில்லானி சொல்கிறார். வெட்டிய கற்களை ஆற்றுக்கு அக்கரைப் பக்கம் மதில் கட்ட எடுத்துக்கொண்டார்கள். அதே மக்களாட்சிதான் 1252-இல் ஃபுளோரின் தங்கக் காசையும் அடித்தது.

பொலோஞ்ஞாவில் 97 மீட்டர் அசினெல்லி கோபுரமும் அதன் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் 48 மீட்டர் காரிசெந்தாவும் இன்னும் நிற்கின்றன. பயந்து கொண்டு வாழ்ந்தவர்கள் கட்டியது என்பது அங்கே அண்ணாந்து பார்த்தாலே தெரியும்.

மறைமலை

ஏட்டுக்காரன், உங்கள் வாதத்தில் பாதிக்கு நான் சம்மதம். மறுபாதிக்கு இல்லை. போப் வெறும் கொடி கொடுத்தவர் என்பது ரொம்பக் குறைவாக மதிப்பிடுவது.

மோன்தாபெர்த்திக்குப் பிறகு என்ன நடந்தது? புளோரன்ஸிலும் சியேனாவிலும் இருந்த வங்கிக்காரர்கள் ஐரோப்பா முழுக்கக் கடன் கொடுத்திருந்தார்கள். ஆயர்கள், மடங்கள், பிரபுக்கள் எல்லாரும் கடன்காரர்கள். போப் நான்காம் அர்பன் ஒரே ஆயுதத்தை எடுத்தார்: திருச்சபைக்கு விரோதமான கட்சியின் வணிகர்களுக்குக் கொடுக்க வேண்டிய கடனைத் திருப்ப வேண்டியதில்லை. வங்கிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் போப்பிடம் வந்து பணிந்து உறுதிமொழி எடுத்தன. பிறகு பிரெஞ்சு அரசரின் தம்பி அஞ்சூவின் சார்லஸ் மான்ஃபிரடுக்கு எதிராகத் தெற்கே படையெடுக்கப் பணம் வேண்டியிருந்தபோது, திருச்சபைத் தசமபாகத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்தவர்களும் இதே தொஸ்கானி வங்கிக்காரர்கள்தான். சார்லஸ் ஜெயித்தார், நேப்பிள்ஸ் ராஜ்ஜியத்தின் தானியமும் சந்தையும் அவர்களுக்குத் திறந்தன. புளோரன்ஸ் 1266-க்குப் பிறகு அசையாத குவெல்ஃப் நகரமானதற்கு இதுதான் அடித்தளம். இடிந்த வீட்டின் வன்மம் இதில் ஒரு பங்குதான். கணக்குப் புத்தகத்தைப் போப்பின் பக்கம் திருப்பி வைத்தது இன்னொரு பெரிய பங்கு.

கொன்ராதினை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் ஃபிரடெரிக்கின் ஹோஹென்ஸ்டாஃபன் வம்சத்தில் கடைசிச் சட்டபூர்வ ஆண் வாரிசு, 16 வயது. 1268 ஆகஸ்டில் தாலியாகோட்சோப் போரில் சார்லஸிடம் தோற்றான், அக்டோபரில் நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலை வெட்டப்பட்டான். அதற்குப் பிறகு கிபெல்லின்களுக்கு ஆதரவாக வர நெடுநாள் எந்தப் பேரரசரும் இல்லை. மேலே இருந்தவர்கள் முக்கியமில்லை என்றால் அந்த ஒரு தலை விழுந்ததும் இத்தாலி முழுக்க ஒரு பக்கம் சரிந்தது ஏன்?

ஏட்டுக்காரன்

மறைமலை, வங்கி விஷயம் நூற்றுக்கு நூறு சரி. யார் ஜெயிப்பார்கள் என்பதை மேலே இருந்தவர்களும் பணமும் தீர்மானித்ததை நான் மறுக்கவே இல்லை. நான் கேட்பது வேறு. கொன்ராதின் செத்தபிறகு, பேரரசர் என்று ஒருவர் இல்லாத காலத்தில், கிபெல்லின் சண்டை ஏன் முடியவில்லை? முடிந்திருக்க வேண்டுமே.

பொலோஞ்ஞாவைப் பாருங்கள். ஜெரெமெய், லம்பெர்தாட்சி என்று இரண்டு கோஷ்டி. 1274-இல் லம்பெர்தாட்சிகளை ஆயிரக்கணக்கில் வெளியேற்றினார்கள். அவர்கள் ஃபயன்சாவிலும் ஃபொர்லியிலும் போய் உட்கார்ந்து சொந்த ஊருக்கு எதிராகவே போர் நடத்தினார்கள். போப் மூன்றாம் நிக்கோலஸ் தலையிட்டு 1279-இல் ஊர்த்திடலில் சமாதானம் செய்துவைத்துத் திரும்பக் கூட்டிவந்தார். அந்த வருடம் முடிவதற்குள் மறுபடி தெருச்சண்டை, மறுபடி வெளியேற்றம். போப்பே சேர்த்துவைத்தும் போப் கட்சி ஏற்கவில்லை! விரட்டப்பட்டவர்களின் சொத்தைப் பதிவுசெய்து பொது ஏலத்தில் குத்தகைக்கு விடும் வேலையை நகரம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது.

புளோரன்ஸில் பறித்த சொத்தை மூன்று பங்காக்கினார்கள் என்கிறார் வில்லானி. ஒரு பங்கு நகரத்துக்கு, ஒரு பங்கு நஷ்டப்பட்ட குவெல்ஃப்களுக்கு, மூன்றாவது குவெல்ஃப் கட்சி நிறுவனத்துக்கு. ஆம், அது ஒரு நிறுவனம். தலைவர்கள், சபை, கருவூலம், முத்திரை எல்லாம் உண்டு, நகர அரசுக்குப் பக்கத்திலேயே இன்னொரு அரசு. எதிரியின் நிலத்தில் வாழ்ந்த ஒரு அமைப்பு எதிரியோடு சமாதானம் செய்துகொள்ளுமா?

செம்பருத்தி

ஃபரினாத்தா பற்றி யாரும் பேசவில்லையே. இந்த முழுக் கதையிலும் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான்.

மோன்தாபெர்த்தி வெற்றிக்குப் பிறகு கிபெல்லின்கள் எம்ப்போலியில் கூடினார்கள். புளோரன்ஸை இருந்த இடம் தெரியாமல் தரைமட்டமாக்கிவிடலாம் என்று அண்டை ஊர்க்காரர்கள் சொன்னார்கள். ஜெயித்த பக்கத்தின் தலைவர், நாடுகடத்தப்பட்டு வன்மத்தோடு இருக்க வேண்டிய ஃபரினாத்தா உபெர்த்தி எழுந்து, என் கையில் வாள் இருக்கும்வரை விடமாட்டேன் என்று எதிர்த்து நின்று ஊரைக் காப்பாற்றினார். அந்த ஊர் அவருக்குத் திருப்பிச் செய்தது என்ன? 1264-இல் செத்தவரை 1283-இல் சமயக் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி எலும்பைத் தோண்டினார்கள். அவர் மனைவியின் எலும்பையும். செத்தவர் சமயத் துரோகி என்றால் வாரிசுகளின் சொத்தையும் பறிக்கலாம், அது சட்டம். ஏட்டுக்காரன் சொல்வதற்கு இதுவும் ஒரு சாட்சிதான். உபெர்த்திகளின் வீடுகள் இருந்த நிலம் இடிபாடாகி, பின்னால் நகரத்தின் பெரிய திடலானது. 1299-இல் தொடங்கிய நகராட்சி மாளிகை கோணலாக நிற்பதற்குக் காரணமே அந்தத் துரோகிகளின் நிலத்தில் அஸ்திவாரம் படக் கூடாது என்று பார்த்ததுதான் என்று வில்லானி சொல்கிறார்.

தாந்தே தன் ‘தெய்வீக நாடகம்’ காவியத்தின் நரகப் பகுதியில், பத்தாம் காண்டத்தில் அவரைச் சந்திக்கும் இடத்தை இந்த விவாதத்தோடு சேர்த்துப் படியுங்கள். நெருப்புக் கல்லறையிலிருந்து இடுப்புக்கு மேல் எழுந்து நிற்கிறவர் கேட்கும் முதல் கேள்வியே, உன் முன்னோர் யார்? தெரிந்ததும், அவர்களை இரண்டு முறை சிதறடித்தேன் என்கிறார். தாந்தே விடவில்லை. இரண்டு முறையும் எங்கள் ஆட்கள் திரும்பி வந்தார்கள், உங்களவர்களுக்கு அந்தக் கலை கைவரவில்லை என்கிறார். செத்த பிறகும் பேச்சு, ஊர் திரும்புவதைப் பற்றித்தான்.

தாமிரபரணி

சமாதானத்துக்காகக் கல்யாணம் பேசினார்கள் என்று பாலத்துக் கொலைக் கதையில் வந்ததே. அது எப்போதாவது பலித்ததா?

செம்பருத்தி

பெண்களைக் கேட்காமலே செய்த ஏற்பாடு அது. 1267-இல் குவெல்ஃப், கிபெல்லின் குடும்பங்களுக்குள் சேர்த்துப் பல சம்பந்தம் பேசினார்கள். ஃபரினாத்தாவின் மகள் கவிஞர் குயிதோ கவால்காந்திக்கு அப்படித்தான் நிச்சயமானாள். குயிதோவின் அப்பா குவெல்ஃப். அந்தத் திருமணம் நிலைத்தது, சமாதானம் நிலைக்கவில்லை. அந்தப் பெண் இருந்த இடத்தை யோசிக்கிறேன்: அப்பாவின் எலும்பைத் தோண்டிய ஊரில், தோண்டிய கட்சியின் வீட்டில் மருமகள். ஏடு எழுதியவர்கள் அவளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் செலவிடவில்லை.

கல்தச்சன்

கோட்டை மதில் உச்சியில் சதுரமாக இருந்தால் குவெல்ஃப், தூக்கணாங்குருவி வால் மாதிரிப் பிளந்திருந்தால் கிபெல்லின் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வதை நம்பி இங்கே யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அந்த மதில் பற்களில் நிறைய 19ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தபோது வைத்தவை. அதை வைத்துக் கட்சி கண்டுபிடிக்க முடியாது.

வடதிசை

எந்த ஊர் எந்தக் கட்சி என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய வழி, பக்கத்து ஊரைப் பார்ப்பது. புளோரன்ஸ் குவெல்ஃப், அதனால் சியேனா, பீசா, அரெட்சோ எல்லாம் பெரும்பாலும் கிபெல்லின். பீசாவுக்கு ஆகாத லூக்கா குவெல்ஃப். சியேனா 1269-இல் கொல்லே வால்தெல்சாவில் புளோரன்ஸிடம் தோற்று, அதன் பிறகு தானும் குவெல்ஃபாகி, 1287-இலிருந்து ஒன்பதின்மர் ஆட்சியில் வங்கியும் வணிகமுமாக நிம்மதியாக இருந்தது. 14ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பார்த்தொலுஸ் இதைத் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். இந்தப் பெயர்களுக்கு இப்போது திருச்சபையோடும் பேரரசோடும் சம்பந்தமில்லை, ஒரே ஆள் ஓர் ஊரில் குவெல்ஃபாகவும் இன்னோர் ஊரில் கிபெல்லினாகவும் இருக்கலாம் என்கிறார். அந்தக் காலத்து ஆளே சொன்னது இது.

ஜெனோவாவில் தோரியா, ஸ்பினோலா ஒரு பக்கம், ஃபியெஸ்கி, கிரிமால்டி மறுபக்கம். விரட்டப்பட்ட ஃபிரான்செஸ்கோ கிரிமால்டி 1297 ஜனவரியில் துறவி வேடத்தில் மொனாக்கோ கோட்டைக் கதவைத் தட்டி உள்ளே போய் அதைப் பிடித்தார். மொனாக்கோவின் அரசச் சின்னத்தில் இன்றைக்கும் வாள் ஏந்திய இரண்டு துறவிகள் நிற்கிறார்கள்.

மறைமலை

நடுநிலைக்கென்று அவர்கள் ஏற்பாடு எதுவும் செய்யாமல் இல்லை. பொதெஸ்தா என்று வெளியூரிலிருந்து ஒரு தலைமை நிர்வாகியைச் சம்பளத்துக்கு அழைத்து வருவார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோதான் பதவி. நீதிபதிகள், எழுத்தர்கள், காவலர்கள் எல்லாரையும் அவரே கூட்டிவர வேண்டும். உள்ளூர்க்காரர் வீட்டில் விருந்து சாப்பிடக் கூடாது. பதவி முடிந்ததும் கணக்குத் தணிக்கை முடியும்வரை ஊரைவிட்டுப் போக முடியாது. இதைவிட நுணுக்கமாக யோசிக்க முடியாது.

ஆனால் நடந்தது என்ன? கிபெல்லின்கள் ஒழிந்த புளோரன்ஸில் குவெல்ஃப்களே கறுப்பு, வெள்ளை என்று இரண்டாகப் பிளந்தார்கள். கறுப்புக்குக் கோர்சோ தொனாத்தி, பழைய குடி, முரட்டு ஆள். வெள்ளைக்கு வியேரி சேர்க்கி, புதுப் பணக்கார வங்கிக் குடும்பம். 1289 கம்பால்தினோ போரில் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று அரெட்சோவை வீழ்த்தியவர்கள். 1300 மே முதல் நாள் சாந்தா த்ரினிதா திடலில் பெண்கள் ஆடுவதைப் பார்க்கக் குதிரையில் வந்த இளவட்டங்களுக்குள் தகராறு மூண்டு, ரிக்கோவெரினோ சேர்க்கியின் மூக்கு அறுபட்டது. அந்தக் கோடையில் ஆட்சிக் குழுவில் இருந்த தாந்தே, இரு தரப்புத் தலைவர்களையும் ஊரைவிட்டு அனுப்பும் முடிவில் பங்குகொண்டார். அனுப்பப்பட்டவர்களில் அவருடைய நெருங்கிய நண்பர் குயிதோ கவால்காந்தியும் ஒருவர். காய்ச்சலோடு திரும்பி ஆகஸ்டில் செத்துப்போனார்.

1301 நவம்பரில் போப் எட்டாம் போனிஃபேஸ் அனுப்பிய பிரெஞ்சு இளவரசர் வால்வாவின் சார்லஸ் சமாதானத் தூதர் என்று உள்ளே வந்தார், பின்னாலேயே கோர்சோவும் நுழைந்தார். ஆறு நாள் கொள்ளை, தீ. பிறகு பொதெஸ்தாவாக வந்த குபியோ ஊர்க் காந்தே கப்ரியெல்லி, வெளியூர் நடுநிலையாளர்தான், 1302 ஜனவரி 27 அன்று தாந்தேவுக்கு 5000 ஃபுளோரின் அபராதம் விதித்தார். லஞ்சக் குற்றச்சாட்டு. வராததால் மார்ச் 10 அன்று, பிடிபட்டால் உயிரோடு எரிக்க உத்தரவு. சொத்து பறிமுதல். தாந்தேவின் மனைவி ஜெம்மா, அதே தொனாத்தி வம்சம்.

ஏட்டுக்காரன், இந்தக் கட்டத்தில் உங்கள் வாதம்தான் வலுக்கிறது. போப் இரு தரப்புக்கும் பொது, பேரரசர் இல்லை, வீடும் பதவியும்தான் மிச்சம்.

தாமிரபரணி

இதில் எந்தப் பக்கமும் இல்லாத ஜனங்கள் என்ன ஆனார்கள்? நெசவுக்காரர், கடைக்காரர்?

ஏட்டுக்காரன்

அடி வாங்கினார்கள். 1304 ஜூனில் கறுப்புக் கட்சி ஆதரவாளரான நேரி அபாத்தி என்ற பாதிரியார் எதிரிகளின் வீடுகளுக்குத் தீவைத்தார். காற்று வாக்கில் அது ஊரின் நடு வணிகப் பகுதி முழுவதையும் தின்றது. மாளிகை, கோபுரம், வீடு எல்லாம் சேர்த்து 1700-க்கும் மேல் என்கிறார் வில்லானி. கடைகளில் அடுக்கியிருந்த துணியும் சரக்கும் போயின. எரியும்போதே திருடியவர்களும் உண்டு.

ஆனால் அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1293-இல் ஜியானோ தெல்லா பெல்லாவின் முன்னெடுப்பில் நீதிச் சட்டங்கள் வந்தன. பெருங்குடி என்று பட்டியலிடப்பட்ட குடும்பங்கள் உச்சப் பதவிக்கு வர முடியாது. அவர்களில் ஒருவர் சாதாரணக் குடிமகனைத் தாக்கினால் குடும்பமே ஜவாப்தாரி. கொலையென்றால் ஆயிரம் காலாட்படையோடு போய் வீட்டை இடிக்கலாம். பாருங்கள், கோஷ்டிகளை அடக்கக் கொண்டுவந்த சட்டத்துக்கும் வீட்டை இடிப்பதைவிட வேறு தண்டனை தோன்றவில்லை. ஜியானோவும் 1295-இல் விரட்டப்பட்டார், அவர் வீடும் சூறையாடப்பட்டது.

வடதிசை

குவெல்ஃப் கட்சி நிறுவனம் என்றீர்களே, எதிரியே இல்லாமல் போன பிறகு அது என்ன செய்தது?

ஏட்டுக்காரன்

எதிரியை உற்பத்தி செய்தது. 1358-இலிருந்து கட்சித் தலைவர்கள் யாரையாவது கிபெல்லின் என்று சந்தேகித்தால் ஓர் எச்சரிக்கை விடுவார்கள். பதவிக்கு வராதே, வந்தால் வழக்கு. தாத்தா காலத்தில் குடும்பம் எந்தப் பக்கம் என்று தோண்டுவார்கள். அப்போது புளோரன்ஸில் உண்மையான கிபெல்லின் யாரும் இல்லை, கைத்தொழிலில் முன்னேறிப் பதவிக்கு வரத் தொடங்கிய புதுக் குடும்பங்களைத் தடுக்க அந்தப் பழைய பெயர் கைக்கு வசதியாக இருந்தது. 1375-இலிருந்து புளோரன்ஸ் போப்போடேயே போர் செய்துகொண்டிருந்தபோதும் இந்தக் குவெல்ஃப் எச்சரிக்கைகள் நிற்கவில்லை, இன்னும் கூடின. மறைமலை இதற்கு என்ன சொல்வார் என்று கேட்க ஆசை. 1378 ஜூனில் ஜனங்கள் பொறுமை இழந்து கட்சித் தலைவர் லாப்போ தா காஸ்திலியோங்கியோவின் வீட்டைக் கொளுத்தினார்கள். அவர் துறவி வேடத்தில் தப்பி ஓடினார். அடுத்த மாதம் கம்பளித் தொழிலாளர்களின் ‘சியோம்பி’ எழுச்சி.

நிறுவனம் அப்போதும் சாகவில்லை. அதிகாரம் போய், கோட்டை, பாலம், சாலை பராமரிக்கும் அலுவலகமாகத் தேய்ந்து 18ஆம் நூற்றாண்டு வரை ஓடியது. கட்டடம் இன்னும் இருக்கிறது, பழைய பாலத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

மறைமலை

போப்போடு போர் செய்துகொண்டே போப் கட்சிப் பெயரில் ஆட்களை விலக்கியதற்கு என்னிடம் பதில் இல்லை, அந்த இடம் உங்களுடையது. ஆனால் 1263-லிருந்து 1268 வரை உள்ள அந்த ஐந்து வருடத்தை நான் விட்டுத்தர மாட்டேன். வங்கிக்காரர்கள் போப் பக்கம் சாயாமல் இருந்திருந்தால் வீட்டைப் பறிக்கிற இடத்தில் உபெர்த்திகள் இருந்திருப்பார்கள். அந்தக் கடன் பத்திரங்கள் பற்றித் தனி இழை ஒன்று தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.